தரப்படுத்தலுக்கு அப்பால்: பாடசாலை விஞ்ஞானக் கல்வி பற்றிச் சில விமர்சனக் குறிப்புகள்

ஈழத்தமிழரின் அண்மைக்கால அரசியல் வரலாற்றை எழுதும் எவரும் தரப்படுத்தலைத் தொடாமல் செல்வதில்லை. 1970இல் பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்தில், மருத்துவ பீடத்துக்குச் செல்லச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 400க்கு 229 புள்ளிகள் போதுமாயின. தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 தேவைப்பட்டன. பேராதனைப் பொறியியல் பீடத்துக்கு இது முறையே 227, 250 என இருந்தது. ஒரே பரீட்சைக்கு இரு அளவுகோல்கள். தமிழ் மாணவர் பேரவையும், அதன்பின் வந்த இளைஞர் அரசியலும் இந்த அநீதியிலிருந்து எழுந்தன. இது இனப்பாகுபாடு என்பதில் எனக்கு எவ்வித ஐயமும் இல்லை.

எனது கேள்வி வேறொன்று. அரை நூற்றாண்டுக்கு மேலாக நாம் விஞ்ஞானக் கல்வி பற்றிப் பேசி வருகிறோம். ஆனால் பேசியதெல்லாம் பல்கலைக்கழக அனுமதியைப் பற்றித்தான். அந்த அனுமதிக்கு முந்திய பதின்மூன்று வருடங்களில், எந்தப் பாடசாலையில் ஆய்வுகூடம் இருக்கிறது, எந்தப் பாடசாலையில் இரசாயனவியல் கற்பிக்க ஆளில்லை, எந்தப் பிள்ளை விஞ்ஞானப் பிரிவை எட்டிப்பார்க்காமலே வெளியேறுகிறது என்பவை எமக்கு அரசியற் கேள்விகளாகத் தோன்றவில்லை. அரசின் கொள்கையும் இதே இடத்திலேதான் நின்றது. இடங்களை எப்படிப் பங்கிடுவது என்பதில் அரசும் நாமும் மோதிக்கொண்டோம். கற்பித்தல் என்பது இருதரப்பினதும் கவனத்துக்கு வெளியே போய்விட்டது. இதுவே எனது வாதம்.

1970க்கு முன்னர் மருத்துவ, பொறியியல் பீடங்களில் தமிழ் மாணவர் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்தனர் என்பதைப் பெருமையோடு நினைவுகூருகிறோம். இது 'யாழ்ப்பாணத்தானின் மூளை' என்றொரு ஐதீகமாகவும் ஆகிவிட்டது. ஆனால் இந்த நிலைக்குப் பின்னால் மிகச் சாதாரணமான காரணங்களே உள்ளன. 1816இல் அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்தில் கால்வைத்தது. 1823இல் வட்டுக்கோட்டை செமினரி தொடங்கப்பட்டு, அங்கு கணிதமும் வானியலும் கற்பிக்கப்பட்டன. 1847இல் வந்த டாக்டர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார், பின்னாளில் அதைத் தமிழிலேயே கற்பித்தார், கலைச்சொற்களை ஆக்கினார், நூல்களை மொழிபெயர்த்தார். இதற்குப் போட்டியாகச் சைவர்களும் பாடசாலைகளை அமைத்தனர். ஆக, ஆசிரியரும் பாடசாலையும் ஒரு சிறிய நிலப்பரப்பில் நூறு வருடங்களுக்கு மேலாகக் குவிந்ததன் விளைவே அந்தப் பெறுபேறு. அது எங்கு குவியவில்லையோ அங்கு தமிழரிடமும் பெறுபேறு இருக்கவில்லை. வன்னியும் மன்னாரும் மட்டக்களப்பின் படுவான்கரையும் இதற்குச் சாட்சி. மலையகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. யாழ்ப்பாணத்துக்குள்ளும் எந்தச் சாதிப் பிள்ளை எந்தக் கல்லூரியின் வாசலை மிதித்தது என்பதை நான் இங்கு விரித்து எழுதத் தேவையில்லை.

இந்த இடத்தில் தரப்படுத்தலின் இரு வடிவங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. மொழிவாரித் தரப்படுத்தல் அப்பட்டமான பேரினவாதம். 1974இல் வந்த மாவட்டக் கோட்டா அதிலிருந்து வேறுபட்டது. அது யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் பாதித்தது; மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழ், முஸ்லிம் மாணவருக்கு ஒரு வழியைத் திறந்தது. எமது தேசியவாத எழுத்துக்கள் இவ்விரண்டையும் ஒரே சொல்லால் அழைத்து, ஒரே கோபத்தால் மூடிவிடுகின்றன. யாழ் மையவாதம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

ஆனால் எமது இடதுசாரி நண்பர்கள் சிலர் இங்கிருந்து மறுகோடிக்குப் போய், மாவட்டக் கோட்டாவைச் சமூகநீதியின் வெற்றியாகக் கொண்டாடுகிறார்கள். இதிலும் எனக்கு உடன்பாடில்லை. கோட்டா என்பது அரசுக்கு மிகவும் மலிவான வழி. ஒரு சுற்றுநிருபத்தால் அதைச் செய்துவிடலாம். மன்னாரில் ஒரு பௌதிகவியல் ஆசிரியரைப் பயிற்றுவித்து, வீடு கொடுத்து, பத்து வருடம் அங்கே இருக்கவைப்பதற்குப் பணமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். அரசு முதலாவதைச் செய்தது, இரண்டாவதைத் தள்ளிப்போட்டது. பின்தங்கிய பாடசாலைகள் முன்னேறும்வரைக்குமான ஏற்பாடு என்று நியாயப்படுத்தப்பட்ட கோட்டா இன்றும் இருக்கிறது. திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம். பாடசாலைகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு குறையவில்லை என்பதற்கு அரசே கொடுக்கும் வாக்குமூலம் இது. ஏறத்தாழப் பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகள் உள்ள நாட்டில் பத்தில் ஒன்றளவில்தான் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருக்கிறது. மீதிப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைக்கு வெட்டுப்புள்ளி எதுவானால் என்ன?

2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு அறிமுகமானது. அதற்கு முன்பின்னாக, ஆயிரம் இடைநிலைப் பாடசாலைகளை முன்னேற்றும் திட்டத்தின் கீழ், ஆட்சியிலிருந்த ஜனாதிபதியின் பெயரைச் சுமந்து 'மகிந்தோதய' ஆய்வுகூடங்கள் எழுந்தன. நோக்கத்தில் குறையில்லை. கிராமத்துப் பாடசாலைக்குக் கணினியும் ஆய்வுகூடமும் வருவதை யார் எதிர்ப்பார்? ஆனால் கட்டடத்தை ஒரு நல்ல நேரத்தில் நாடா வெட்டித் திறந்துவிடலாம். பொறியியல் தொழில்நுட்பமும் உயிர்முறைமைகள் தொழில்நுட்பமும் கற்பிக்கும் ஆசிரியரை அப்படித் திறந்துவிட முடியாது. பாடம் முதலில் வந்தது, ஆசிரியர் பின்னர் தேடப்பட்டார். தமிழ் மொழிமூலத்தில் இந்தப் பற்றாக்குறை இன்னும் கூடுதலாகவே இருந்தது.

மலையகத்தின் உதாரணம் எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கவென ஜேர்மன் அரசின் ஜி.ரி.இசட் நிறுவனத்தின் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி 1990களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்டது. அதில் மலையக மாணவருக்கு உரிய இடம் கிடைக்கிறதா என்பது நீண்டகாலச் சர்ச்சையாக இருந்து வந்தது. ஜேர்மனியில் வரி கட்டும் எங்களில் எத்தனைபேர் இந்தச் சர்ச்சையைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறோம்?

ஜேர்மனியை முன்மாதிரியாகக் காட்டுவதும் எனது நோக்கமல்ல. ஆயினும் இங்கே நடந்த ஒன்றைக் கவனிக்கலாம். 1997இல் வெளியான சர்வதேசக் கணித விஞ்ஞான ஒப்பீட்டாய்வில் ஜேர்மன் மாணவர்கள் நடுத்தரமாகவே நின்றார்கள் என்பது தெரியவந்தபோது, மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து 1998இல் சீனுஸ் என்ற திட்டத்தை 180 பாடசாலைகளில் தொடங்கின. அத்திட்டம் கருவிகளை விநியோகிப்பதை மையமாகக் கொள்ளவில்லை. கணித, விஞ்ஞான ஆசிரியர்கள் கூடியிருந்து, தாம் கற்பிக்கும் முறையையே ஆராய்ந்து மாற்றுவதற்கு அவர்களுக்கு நேரத்தைக் கொடுத்தது. பின்னர் அது மேலும் பல பாடசாலைகளுக்கு விரிந்தது. நான் தேடிப்பார்த்த கொள்கைகளுள் ஆசிரியரிடமிருந்து தொடங்கிய ஒன்று இது.

அதே நாடு 2001 டிசம்பரில் வெளியான பீசா ஆய்வின் மூலம், பிள்ளையின் பெறுபேறு பெற்றோரின் சமூக நிலையில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை அறிந்து அதிர்ந்தது. ஆனால் நான்காம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்து வெவ்வேறு பாடசாலைகளுக்கு அனுப்பும் முறையைக் கைவிடவில்லை. 2019இல் அரசியலமைப்பைத் திருத்தி, பாடசாலைகளை டிஜிற்றல் மயமாக்க 5 பில்லியன் யூரோவை ஒதுக்கியது. அந்தப் பணம் பெரும்பாலும் இணைய இணைப்புக்கும் கருவிகளுக்குமே போனது. இங்கும் பொருளை வாங்குவது இலகு, ஆசிரியரை உருவாக்குவது கடினம்.

இனி, நாம் வாழும் ஹம் நகருக்கு வருகிறேன். நிலக்கரியால் வாழ்ந்த இந்நகரின் கடைசிச் சுரங்கம் 2010இல் மூடப்பட்டது. அதற்கு முந்திய வருடமே, கணிதம், தகவலியல், இயற்கை விஞ்ஞானம், தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கென ஹம் - லிப்ஸ்ரட் உயர்கல்லூரியை மாநில அரசு இங்கு நிறுவியது. எமது சமூகமோ இன்னும் 1970இன் கண்ணாடியினூடாகவே கல்வியைப் பார்க்கிறது. பிள்ளை கிம்னாசியத்துக்குப் போகவேண்டும், பின் மருத்துவம், அல்லது பொறியியல். கெசம்ற்சூலவுக்குப் போகும் பிள்ளையைப் பற்றி வீட்டில் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். மூன்றரை வருடம் தொழிற்சாலையிலும் தொழிற்பாடசாலையிலும் மாறிமாறிப் படித்து மெக்கற்றோனிக் தொழிலாளியாகும் பிள்ளை 'படிக்கவில்லை' என்று கணக்கிடப்படுகிறது. விஞ்ஞானம் எமக்கு அறிவல்ல, ஏணி. அதனால்தான் ஏணியில் ஏறாத பிள்ளைக்கு விஞ்ஞானம் தேவையில்லை என்றும் நினைக்கிறோம்.

இது எவ்வளவு தவறானது என்பதை ஊன்ட்ரொப் பகுதியே சொல்லும். 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயிலின் தேருக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து எமது மக்கள் அங்கு வருகிறார்கள். அதே ஊன்ட்ரொப்பில்தான் தோரியம் உயர்வெப்ப அணுஉலையும் இருந்தது. 1985இல் மின்விநியோகத்தில் இணைந்த அது 1989இல் நிரந்தரமாக மூடப்பட்டது. செர்னோபில் விபத்து நடந்து சில நாட்களுக்குள், 1986 மே 4ஆம் திகதி அதிலிருந்து கதிரியக்கத் தூசி வெளியேறியது. காற்றில் ஏற்கெனவே செர்னோபில் தூசி இருந்ததால் எது எங்கிருந்து வந்தது என்பதே சர்ச்சைக்குரியதாயிற்று. அந்தச் சர்ச்சையில் கேள்வி கேட்பதற்கு ஒரு குடிமகன் மருத்துவராகவோ பொறியியலாளராகவோ இருக்கவேண்டியதில்லை. கதிரியக்கம் என்றால் என்ன, அளவீடு என்றால் என்ன என்று பாடசாலையில் ஒழுங்காகப் படித்திருந்தால் போதும். பல்கலைக்கழகத்துக்குப் போகாத பெரும்பான்மைக்கு விஞ்ஞானம் கற்பிக்கப்படவேண்டிய காரணம் இதுதான். இலங்கையிலும் இதே நியாயம் பொருந்தும். கிணற்று நீரையும் களைகொல்லியையும் பற்றி ஒரு விவசாயி அதிகாரியிடம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது.

முடிவாக, எமது கையில் உள்ள ஒன்றைப் பற்றி. புலம்பெயர் நாடுகளில் பழைய மாணவர் சங்கங்கள் நிறைய உண்டு. அவை திரட்டும் பணம், இயல்பாகவே, ஏற்கெனவே பெயர்பெற்ற கல்லூரிகளுக்குத்தான் போகிறது. மண்டபம், நீச்சல் தடாகம், நூற்றாண்டு வாயில். பழைய மாணவர் வெளிநாட்டில் இல்லாத பாடசாலைக்கு யாரும் இல்லை. அரசின் பாரபட்சத்தைக் கண்டித்துக்கொண்டே அதே பாரபட்சத்தை எமது பணத்தால் நாம் பெருக்குகிறோம். கல்லூரிப் பற்றை விட்டுவிடுங்கள் என்று கேட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு சங்கமும் தன் வருமானத்தில் ஒரு பங்கை, படுவான்கரையிலோ முல்லைத்தீவிலோ ஒரு தோட்டப் பாடசாலையிலோ கற்பிக்கும் ஒரு விஞ்ஞான ஆசிரியரின் மேற்பயிற்சிக்கும், அவர் அங்கு தங்கியிருப்பதற்கும் ஒதுக்கலாம். கட்டடத்தில் பெயர் பொறிப்பதுபோல ஆசிரியரில் பொறிக்க முடியாது என்பதுதான் இதிலுள்ள ஒரேயொரு சிரமம். இதை ஏற்காதவர்கள் அடுத்த இதழில் எழுதட்டும். விவாதிப்போம்.