பழி தீர்க்காத ஹாம்லெட்

மெக்பெத்தை மும்பை நிழலுலகத்துக்கும் (‘மக்பூல்’) ஒதெல்லோவை உத்தரப் பிரதேசத்துக்கும் (‘ஓம்காரா’) இயக்குநர் விஷால் பரத்வாஜ் கொண்டுபோனபோது, மூலத்தோடு ஒப்பிட்டு ரசிப்பதில் விமர்சகர்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. 2014 அக்டோபர் 2இல் அவரது ‘ஹைதர்’ வந்தது. ஹாம்லெட் 1995ஆம் ஆண்டுக் காஷ்மீரில் கால்வைத்ததும் பேச்சு நாடகத்தை விட்டு நாட்டுக்குத் தாவிவிட்டது.

ராணுவத்தின் சித்திரவதை முகாமைக் காட்டியதற்காகப் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னது ஒரு தரப்பு. காஷ்மீர்ப் பண்டிட்டுகளின் மனக்குறை வேறு. 1990இல் பள்ளத்தாக்கை விட்டுப் போன தங்கள் துயரம் போகிறபோக்கில் வந்துபோகிறது. தாங்கள் போற்றும் மார்த்தாண்ட சூரியன் கோயிலின் இடிபாடுகளிலோ ஆட்டமும் பாட்டும் நடக்கிறது என்றார்கள். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. தாய்-மகன் சிக்கல் அரசியலை மழுங்கடித்துவிட்டது என்று எதிர்த்திசையிலிருந்தும் ஒரு குரல். பாகிஸ்தான் தணிக்கையும் படத்தை அனுமதிக்கவில்லை. இந்தியாவில் அதே படத்துக்கு ஐந்து தேசிய விருதுகள்!

இந்த இரைச்சலில் தழுவலின் நுட்பம் கவனிக்கப்படாமல் போயிற்று. ஒரு காட்சி: தன் வீட்டு வாசலிலேயே ஒருவன் அசையாமல் நிற்கிறான். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே போகவில்லை. ஒருவர் வந்து அடையாள அட்டை கேட்டு, உடம்பைத் தடவிச் சோதித்த பிறகுதான் படியேறுகிறான். காஷ்மீரி எழுத்தாளர் அக்தர் மொஹியுத்தீனின் சிறுகதையிலிருந்து எடுத்தது. நிற்பவர் படத்தின் இணை எழுத்தாளர் பஷாரத் பீர். ஹாம்லெட்டில் இப்படியொரு காட்சி கிடையாது. ஆனால் நாட்டையே சிறைச்சாலை என்று சொல்லும் இளவரசனுக்கு இவன் அந்நியனும் அல்ல.

நாடகத்தில் தந்தையின் ஆவி வருகிறது. ஆவியை நம்பலாமா என்பது ஹாம்லெட்டின் குழப்பம். படத்தில் அந்த இடத்துக்கு வருபவர் ரூஹ்தார் (இர்ஃபான் கான்), காணாமல்போன தந்தையோடு சிறையில் கிடந்தவர். இப்போது கேள்வி, இவர் யாருடைய ஆள் என்பது. காஷ்மீரில் ஆவியைவிட அஞ்சத்தக்க கேள்வி அது.

எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் தபு நடித்த கஸாலா. ஹாம்லெட்டின் தாய் கெர்ட்ரூடுக்கு ஷேக்ஸ்பியர் கொடுத்த வசனம் கொஞ்சம்; அவள் மனம் நமக்குத் தெரிவதே இல்லை. கஸாலா, கணவன் உயிரோடிருக்கிறானா என்றே தெரியாத ‘அரை விதவை’. மைத்துனன் குர்ரம் பக்கம் அவள் சாய்வதை மன்னிக்க வேண்டியதில்லை, புரிந்துகொள்ள முடிகிறது. கடைசியில் உடம்பில் கட்டிய வெடிகளோடு மகனுக்கும் பகைக்கும் நடுவே வந்து நிற்பவளும் அவள்தான்.

அந்த வெடிப்பில் கால்களை இழந்த குர்ரம் தன்னைக் கொன்றுவிடச் சொல்லி மன்றாடுகிறான். ஹைதர் விலகி நடக்கிறான். மூலத்தின் பழிதீர்க்கும் முடிவைக் கைவிட்டது கோழைத்தனம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் மகனை மட்டுமே பார்க்கிறார்கள். அந்த முடிவை எழுதியவள் கஸாலா.