அச்சாகாத தட்டு: சர்ஃப் இசையும் 'அரிய' பண்டமும்

1

எழுத்துக்காரர்களாகிய நமக்கு வரி இல்லாத இசையென்றால் கொஞ்சம் சங்கடந்தான். பாட்டு என்றால் பிடித்துக்கொள்ள வார்த்தை இருக்கிறது. பெண்ணைப் பற்றி என்ன சொல்கிறான், சாதியை எங்கே ஒளித்து வைக்கிறான் என்று பிரித்து மேயலாம். வெறும் கிடாரும் டிரம்சும் இரண்டரை நிமிஷம் ஓடி நின்றுவிட்டால்? 'நல்லாருக்கு', 'நல்லால்ல' என்பதற்கு மேல் நம் விமர்சனத்துக்கு வாயில்லை. அந்த வாயில்லாத இடத்தைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

1958க்கும் 1965க்கும் இடையில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வந்த ஒருவகைத் தட்டுகள். ஏழு அங்குலம், நிமிஷத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு ஒரு உருப்படி. லிங்க் ரே வாசித்த 'ரம்பிள்' (1958), வென்ச்சர்ஸ் குழுவின் 'வாக் டோன்ட் ரன்' (1960), ஷாடோஸ் குழுவின் 'அப்பாச்சி' (1960), டிக் டேலின் 'மிசிர்லூ' (1962). இவற்றில் ஒரு பகுதிக்கு 'சர்ஃப் இசை' என்று பெயர். அலைமீது பலகை போட்டுச் சறுக்கும் கலிஃபோர்னிய வாலிபர்களின் கொண்டாட்டமாம். இன்றைக்கு இந்தத் தட்டுகளைத் தேடிச் சேகரிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். எந்தக் கம்பெனி, எந்த வருஷம், முதல் அச்சா மறு அச்சா, உறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து விலை வைக்கிறார்கள்.

இதைக் காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு எழுதுவதற்கு என்னய்யா முகாந்திரம் என்று கேட்கலாம். இரண்டு இருக்கிறது.

ஒன்று அந்தச் சொல்லே. 'சர்ஃப்' எங்கிருந்து வந்தது என்று ஆங்கில அகராதிக்காரர்களால் அறுதியிட முடியவில்லை. ஆனால் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது எழுத்தில் தலைகாட்டியபோது இந்தியக் கடற்கரையில் மோதி உடையும் அலையைத்தான் குறித்தது என்று பதிந்திருக்கிறார்கள். கப்பலைத் தூரத்தில் நிறுத்திவிட்டுக் கரையேறத் தெரியாமல் தவித்த வெள்ளைக்காரனைக் கட்டுமரத்திலும் மசூலாப் படகிலும் அந்த அலையைத் தாண்டவைத்துக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நம் கடற்கரை மக்கள். சொல்லைக் கொண்டுபோனார்கள், அலையைக் கடந்த உடம்பை விட்டுவிட்டார்கள். முந்நூறு வருஷம் கழித்து அதே சொல் பளபளப்பான உறைக்குள் பொழுதுபோக்காகத் திரும்பி வருகிறது. இங்கே அலை என்றால் விடியற்காலை வேலை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு பட்டினச்சேரியிலும் கிளிஞ்சல்மேட்டிலும் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு.

இரண்டாவது, இந்த ஊரின் டிரங்குப் பெட்டிகள். காரைக்கால் 1739இலிருந்து 1954 வரை பிரெஞ்சுக்காரனிடம் இருந்தது. சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962இல். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர்கள், பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள், பாரீசுக்கும் ஊருக்கும் போய்வந்தவர்கள் ஒரு பக்கம். பக்கத்து நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன சபுராளிகள் இன்னொரு பக்கம். பழைய சாமான் கடைகளில் நான் புரட்டிய கட்டுகளில் இந்த இரண்டு பயணங்களின் மிச்சமும் கிடந்தது: நாலு உருப்படி கொண்ட பிரெஞ்சுத் தட்டுகள், சிங்கப்பூர்க் கிடார்க் குழுக்களின் தட்டுகள். 1964இல் க்வெஸ்ட்ஸ் என்ற சிங்கப்பூர்க் குழு 'ஷான்டி' என்று ஒரு வரியில்லா உருப்படியைப் போட்டு, உள்ளூர் வரிசையில் பீட்டில்சையே கீழே தள்ளியது. அங்கே கூலியாகவும் கடைச் சிப்பந்தியாகவும் இருந்தவர் ஊர் திரும்பும்போது மல்லு வேட்டியோடு இதையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்றால் ஆச்சரியமில்லை.

2

வரியில்லாத இசை புனிதமானது, மொழி கடந்தது, அரசியல் கடந்தது என்று ஒரு கதையாடல் உண்டு. இது சுத்தப் பம்மாத்து. வரி இல்லாத இடத்தில் உறைதான் வரியாகிறது. 'அப்பாச்சி'யை எழுதியவர் ஜெரி லோர்டன் என்ற ஆங்கிலேயர். 1954இல் வந்த ஒரு ஹாலிவுட் கௌபாய்ப் படத்தைப் பார்த்து எழுதினார். பெயரை எடுத்துவிட்டால் அந்த மெட்டில் அமெரிக்கப் பூர்வகுடிகள் எங்கே இருக்கிறார்கள்? மாறாக, பூர்வகுடி வம்சம் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட லிங்க் ரே 'ரம்பிள்' வாசித்தபோது, வரியே இல்லாத அந்தத் தட்டைச் சில அமெரிக்க வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. 'ரம்பிள்' என்றால் தெருச்சண்டை, பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம். ஓசைக்கு அர்த்தமில்லை என்று சொல்கிற அதிகாரந்தான் ஓசையைக் கண்டு முதலில் பயப்படுகிறது.

'மிசிர்லூ'வை எடுத்துக்கொள்வோம். சர்ஃப் இசையின் கொடி என்று இதைச் சொல்வார்கள். சொல்லுக்கு 'எகிப்துப் பெண்' என்று பொருள். கிரேக்கர், துருக்கியர், அரபியர், யூதர் எல்லோரிடமும் புழங்கிய கிழக்கு மத்தியதரைக்கடல் மெட்டு அது. டிக் டேலின் தகப்பனார் வழி லெபனான். சின்ன வயசில் தர்புகா கொட்டப் பழகிய கையோடு கிடாரை அடித்தார். அந்த மெட்டின் சுரவரிசை நமக்கு அந்நியமே இல்லை. மாயாமாளவகௌளைதான் அது. சரளி வரிசை படிக்க உட்காருகிற பிள்ளைக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது. 'அசல் அமெரிக்கா' என்று விலை வைத்து விற்கப்படுகிற தட்டின் பள்ளத்தில் ஓடிக்கொண்டிருப்பது இது. வகைப்பெயர் என்பது வெறும் அடையாளச் சீட்டல்ல, யார் வாசித்தது என்பதை மறைக்கிற மூடியுங்கூட.

3

இனி 'அரிது' என்ற சொல்லுக்கு வருவோம். சேகரிப்பவருக்குப் பொருளோடு இருக்கும் உறவு அதன் பயன்பாட்டை முன்னிறுத்தாத உறவு என்று 1931இல் வால்டர் பெஞ்சமின் தன் புத்தகப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டே எழுதினார். அழகான வாக்குமூலம். ஆனால் பயன்மதிப்பிலிருந்து விடுபட்ட பண்டம் நேராகப் பரிவர்த்தனை மதிப்பின் மடியில்தானே போய் விழுகிறது?

ஓர் உதாரணம். மெழுகுத் தட்டு என்று நாம் சொல்லும் 78 சுற்றுத் தட்டைத் தயாரிப்பதை இங்கிலாந்தில் 1960 வாக்கில் நிறுத்திவிட்டார்கள். இந்தியாவிலோ 1960களின் நடுப்பகுதி வரை பீட்டில்சையே 78இல் போட்டார்கள். காரணம் என்ன, கலை ஆர்வமா? மின்சாரமில்லாத ஊர்களில் சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதே இந்திய 78தான் இன்று லண்டனிலும் டோக்கியோவிலும் 'அபூர்வம்'. நம்முடைய இல்லாமைதான் அவர்களுடைய அபூர்வம். அந்தத் தட்டு எதனால் ஆனது? அரக்கு. சோட்டா நாக்பூர்க் காடுகளில் ஆதிவாசிகள் மரத்திலிருந்து சுரண்டிச் சேகரித்த அரக்கில்தான் உலகத்தின் 78 தட்டுகள் பெரும்பாலும் பிறந்தன. முதல் சேகரிப்பாளர் அந்த ஆதிவாசிதான். அவர் பெயர் எந்த விலைப்பட்டியலிலும் கிடையாது.

இன்னொரு உதாரணம். 1970, 1971 ஆகிய வருஷங்களில் ஒரு சிகரெட் கம்பெனி தன் 'சிம்லா' பிராண்டை விற்பதற்காக 'சிம்லா பீட்' என்ற போட்டி நடத்தி, வந்த குழுக்களை இரண்டு பெரிய தட்டுகளில் பதிந்தது. இந்தியக் கல்லூரிப் பையன்களின் ராக் இசைக்கு இன்று மிஞ்சியிருக்கும் முக்கியமான ஆதாரங்களில் இவையும் உண்டு. சிகரெட் விளம்பரம் வரலாற்று ஆவணமாகிவிட்டது. பையன்கள் இங்கிலீஷ் பேசும் நகரத்துப் பிள்ளைகள். அதனால் மைக் அவர்களுக்கு முன்னால் வைக்கப்பட்டது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. மைக் எங்கே வைக்கப்பட்டது என்பதுதான் கேள்வி.

4

வரியுள்ள பாட்டு தட்டு இல்லாமலும் பிழைக்கும். வாய்வழி வரும், முச்சந்தியில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் தங்கும். வரியில்லா இசைக்கு அந்த வசதி கிடையாது. வாசித்தவர் கை ஓய்ந்தால் பழகியவர் இன்னொருவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் தட்டு இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அப்படியொரு ஓசையே இருக்கவில்லை என்றாகிவிடும். ஆகவே யாருக்குத் தட்டு கிடைத்தது என்பது பொழுதுபோக்குக்காரர்களின் கவலை மட்டுமல்ல.

இந்த ஊர் அம்மையாரிடமே ஆதாரம் இருக்கிறது. காரைக்காலம்மையார் மூத்த திருப்பதிகத்தில் சுடுகாட்டு ஆட்டத்தைச் சொல்லும்போது ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களையும் ஒரு டஜன் வாத்தியங்களையும் அடுக்குகிறார். எழுத்து மிஞ்சிவிட்டது. அதில் சில வாத்தியங்கள் எப்படி ஒலித்தன என்று இன்று ஊகந்தான் செய்ய முடியும். கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் அம்மையாரின் செப்புத் திருமேனி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கிறது. உலகத்தரச் சேகரிப்பு. தாளம் இருக்கிறது, சத்தம் இல்லை.

காரைக்காலுக்குப் பக்கத்தில் திருமருகலில் 1898இல் பிறந்தவர் டி. என். ராஜரத்தினம் பிள்ளை. அவருடைய தோடித் தட்டு நாயனத்தை வீட்டுக்கூடத்துக்குள் கொண்டுவந்தது. இசைவேளாளர் ஒருவர் கிராப்பு வைத்துக்கொண்டு, மேடையில் சரிசமமாக உட்காருவேன் என்று நின்ற காலம் அது. அந்தத் தட்டுக்குள் அந்தப் பிடிவாதமும் இருக்கிறது. சரி, பறைக்கு? நையாண்டி மேளத்துக்கு? கல்யாணத்திலும் சாவிலும் முன்னால் நடக்கிற பேண்டு செட்டுக்கு? அப்படியொரு பெயர் சொல்லும் தட்டு உங்களுக்கு நினைவில் வருகிறதா? 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தீர்மானம், 1943இல் தமிழ் இசைச் சங்கம் என்று பெரிய சண்டையே நடந்தது. அவசியமான சண்டைதான். ஆனால் அது முக்கியமாகச் சாகித்தியம் எந்த மொழியில் என்ற சண்டை. தெருவுக்கு வெளியே வாசிக்கிறவரை உள்ளே கூப்பிடுகிற சண்டையாக அது விரியவில்லை. வார்த்தையைப் பிடித்துக்கொண்டோம், கையை விட்டுவிட்டோம்.

சந்தை அறிந்த அரிது, நூறு அடித்துப் பத்து மிஞ்சியது. சந்தை அறியாத அரிது, ஒன்றுகூட அடிக்கப்படாதது. அதற்கு விலையில்லை, ஏனென்றால் பண்டமே இல்லை.

5

இங்கே தோழர்கள் சிலர், 'அப்படியானால் ஓடிப்போய் எல்லாவற்றையும் பதிவு செய்வோம்' என்று கிளம்பிவிடக் கூடாது. பறையைப் பற்றி 1990களில் தலித் இயக்கங்களுக்குள் நடந்த விவாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பறை விடுதலையின் கலை என்று ஒரு தரப்பு. அது சாவுக்கு அடிக்கவைத்த அடிமை வேலை, தூக்கி எறி என்று இன்னொரு தரப்பு. அப்படித் தூக்கி எறிந்தவரிடம் போய் 'அய்யா, இது அரிய கலை, பாதுகாக்க வேண்டும்' என்று மைக்கை நீட்டினால் அவர் என்ன சொல்வார்? 'நீ வச்சுக்க, ஒங்க வீட்டுச் சாவுக்கு அடி' என்பார். நியாயந்தானே.

சேகரிப்பவரின் கதையாடலில் தூக்கிப்போட்டவன் எப்போதும் முட்டாள், கண்டெடுத்தவன் ஞானி. ஆனால் தூக்கிப்போடுவதும் ஒரு செயல்பாடு. சில வேளை வறுமை, சில வேளை அலட்சியம், சில வேளை விடுதலை. பழைய சாமான் கடைக் கட்டில் கிடக்கும் சிங்கப்பூர்த் தட்டையும் மூலையில் தொங்கவிடாமல் எரிக்கப்பட்ட பறையையும் ஒரே 'இழப்பு' என்ற கணக்கில் எழுத முடியாது. முதலாவதை எடுத்துத் துடைத்து வைக்கலாம். இரண்டாவதற்கு, எரித்தவரின் சம்மதம் இல்லாமல் நமக்கு வாய் கிடையாது.

அதற்காகச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. செய்யக்கூடியவை சில உண்டு, பெரிய நிதி எதுவும் வேண்டாம். கட்டில் கிடைக்கிற தட்டை வாங்கினால் விலையைக் கேட்பதோடு நிற்காமல், அது எந்த வீட்டிலிருந்து எந்தக் கப்பலில் வந்தது என்று கேட்டு உறையில் பென்சிலால் எழுதி வைக்கலாம். சினிமாத் தட்டில் பாடியவர், இசையமைத்தவர் பெயர் இருக்கும்; வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. வயசான வாத்தியக்காரர்கள் உயிரோடு இருக்கும்போதே போய்க் கேட்டு அந்தப் பெயர்களை எழுதலாம். காரைக்கால் வீதியில் ஊர்வலத்துக்கு முன்னால் போகிற பேண்டு செட்டுக்காரரிடம், மாயாமாளவகௌளையையே கிளாரினெட்டில் சரளமாக ஊதுகிறவரிடம், 'பதிஞ்சுக்கலாமா, யார் பேர்ல போடணும், காசு யாருக்கு' என்று மூன்று கேள்வி கேட்கலாம். வேண்டாம் என்றால் மிஷினை அணைத்துவிட்டு நின்று கேட்க வேண்டும். அவ்வளவுதான்.