அம்பத்தூர் டேஷ்போர்டும் கொழும்பு டேஷ்போர்டும்

அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் வண்டிக் கம்பெனிகளுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளில் பில் கணக்கு பெரும்பாலும் டேலியில் இருக்கும், உற்பத்திக் கணக்கு எக்செலில் இருக்கும். இரண்டையும் ஒரே திரையில் பார்க்க விரும்பும் முதலாளிக்கு எளிதில் கிடைப்பது மைக்ரோசாஃப்டின் பவர் பிஐ டெஸ்க்டாப். 2015இல் வந்த இந்த மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடும், காசில்லை. கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்பவர் அதை இறக்கி, ஒரு கோப்பை இணைத்து, நாலு வண்ணப் படங்களைக் காட்டிவிட்டு ஒரே மதியத்தில் கிளம்பிவிடலாம். இந்தச் சுலபம்தான் எனக்குக் கவலை தருகிறது. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை, அந்த எண்ணோடு தினமும் புழங்குகிறவர் உட்கார்ந்து சொல்லாமலே டேஷ்போர்டு எழும்பிவிடுகிறது. இலங்கையின் சுகாதாரத் துறை இதே வேலையைத் தலைகீழ் வரிசையில் செய்தது. அந்த வரிசைதான் சரி என்பது என் வாதம்.

ஒரு தேதிப் பத்தி என்ன செய்யும் என்று பாருங்கள். விண்டோஸின் வட்டார அமைப்பு அமெரிக்கா என்றே விடப்பட்ட கணினியில், நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் எழுதிய சிஎஸ்வி பில் பட்டியலை இணைத்தால், 05/04 என்பதை மென்பொருள் மே 4 என்று படிக்கும். ஏப்ரல் 1 முதல் 12 வரையிலான பில்கள் ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு மாதத்தின் 4ஆம் தேதிக்கும் சிதறிப் போகும். 13ஆம் தேதி முதலானவை எரர் என்று நிற்கும். அவசரத்தில் ‘ரிமூவ் எரர்ஸ்’ அழுத்தினால் அந்த 18 நாள் வியாபாரமும் படத்திலிருந்து மறைந்துவிடும். மிச்சமுள்ள படம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும் என்பதுதான் இதில் மோசம். பவர் பிஐக்குள் இருக்கும் பவர் குவெரியில், தானாகச் சேர்ந்த வகை மாற்றப் படியை நீக்கிவிட்டு, அந்தப் பத்தியின் தலைப்பை வலது சொடுக்கி, ‘சேஞ்ச் டைப்’ பட்டியலில் ‘யூசிங் லோக்கேல்’ போய் இங்கிலிஷ் (இந்தியா) என்று கொடுத்தால் ஒரு நிமிடத்தில் தீரும். ஆனால் ஏப்ரலில் எத்தனை பில் போட்டோம் என்று தெரிந்த கணக்காளர் பக்கத்தில் இருந்தால்தான் தவறு கண்ணில் படும்.

இலங்கையில் தாய் சேய் நலத் தகவல்களைத் திரட்ட டிஎச்ஐஎஸ் 2 என்ற திறமூல மென்பொருள் பயன்படுகிறது. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது அது. சர்வரில் நிறுவுவார்கள், ஊழியரின் மேசைக் கணினிக்கு ஒரு பிரவுசர் போதும். எந்தத் தகவலைக் கேட்கிறோம், எந்த மாகாணம், எந்த மாவட்டம், எந்த சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு, எந்தக் காலம் என்பதையெல்லாம் வரையறுக்காமல் அதில் ஓர் எண்ணைக்கூடப் பதிய முடியாது. வரையறுத்தவர்களில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சுகாதாரத் தகவலியல் படித்த மருத்துவர்களும் உண்டு. 2020 ஜனவரியில் கொரோனா வந்தபோது, நாட்டுக்குள் வரும் பயணிகளைக் கண்காணிக்கும் பதிவு முறையை இதே மென்பொருளில் சில நாட்களில் அவர்களால் அமைக்க முடிந்தது. பிறகு அந்த அமைப்பு பல நாடுகளுக்குப் போனது. நார்வேயும் அதிலிருந்து பாடம் எடுத்துக்கொண்டது.

அரசுத் துறையையும் பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையையும் ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். அளவை நான் ஒப்பிடவில்லை, வேலையின் வரிசையைத்தான் ஒப்பிடுகிறேன். டிஎச்ஐஎஸ் 2 இந்திய மாநிலங்களிலும் ஓடியிருக்கிறது. ஆகவே இது நாட்டுப் பெருமை பற்றிய பேச்சும் அல்ல. முதலாளிக்கு நேரமில்லை என்பது இன்னும் கனமான ஆட்சேபம். ஆனால் இதற்கு முதலாளி தேவையில்லை. ‘ரிஜெக்‌ஷன்’ என்றால் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியது மட்டுமா, லைனிலேயே ஒதுக்கியதும் சேருமா என்று குவாலிட்டி பார்க்கும் பெண்மணி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். கொழும்பு முறைக்குக் குறை இல்லாமல் இல்லை. புதிதாக ஒரு கட்டம் சேர்க்க வேண்டுமானால் மையத்தைக் கேட்க வேண்டும். அம்பத்தூரில் கணக்காளரே இன்று நினைத்த படத்தை இன்றே வரையலாம். அந்தச் சுதந்திரத்தை இழக்கச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் அந்த ஒரு தாளை வைக்கச் சொல்கிறேன்.

சின்ன விஷயம் போலத் தெரியும் இன்னொன்றும் உண்டு. பவர் பிஐ பெரிய தொகையைத் தானாக மில்லியனில் சுருக்கும். இலங்கையில் பத்திரிகையும் பட்ஜெட்டும் மில்லியனிலும் பில்லியனிலும் பேசுவதால் 12.4M என்று திரையில் வந்தால் யாரும் தயங்குவதில்லை. இங்கே அது ஒரு கோடியே 24 லட்சம் என்று மனத்துக்குள் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொகையை 1,00,000ஆல் வகுத்து, தலைப்பில் ‘லட்சத்தில்’ என்று போடுவதும் நிறுவும் வேலையில் சேர்ந்ததுதான். சேவைக்கு வருபவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் பட்டறைகளின் கணக்காளர்களுக்கும் குவாலிட்டி ஊழியர்களுக்கும் இப்படி வரையறுத்து நிறுவும் வேலையில் இரண்டு நாள் பயிற்சி நடத்த வேண்டும். முதலாளிகள் அவர்களைச் சம்பளத்தோடு அனுப்ப வேண்டும்.