அடுப்பங்கரை இல்லாத நாவல்

காரைக்காலில் எனக்கு ஒரு பழைய சிநேகிதர் உண்டு. பிரெஞ்சுப் படிப்பு படித்தவர். ஆல்பெர் காம்யு 1947-ல் வெளியிட்ட 'கொள்ளை நோய்' நாவலை மூல மொழியிலேயே மூன்று முறை வாசித்திருக்கிறார். யுத்த காலத்தைப் பற்றி அதற்கு மேல் ஒரு நாவல் கிடையாது என்பது அவர் கட்சி. நானும் வெகுநாள் அதே கட்சியில்தான் இருந்தேன். நாவல் எழுதப்பட்ட இடத்தைப் பற்றிப் படித்த பிறகு என் அபிப்பிராயம் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டது.

க்ஷயரோகத்துக்காக மலைக்காற்றைத் தேடிப் போன காம்யு, 1942 ஆகஸ்டில் பனலியே என்ற சிற்றூரில் தங்கினார். அங்கேதான் மறு ஆண்டும் இந்த நாவலோடு போராடிக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர் லெ ஷாம்போன். அங்கே ஆந்த்ரே த்ரோக்மே என்ற புராட்டஸ்டண்டு பாதிரியாரும் அவர் மனைவி மக்தாவும் யூத அகதிகளுக்கு இடம் கொடுத்து வந்தார்கள். புராட்டஸ்டண்டு என்றால் நம் பக்கத்து வாசகருக்குத் தரங்கம்பாடி ஞாபகம் வரும். பிரான்ஸிலோ அவர்கள் சிறுபான்மையினர். ஒரு காலத்தில் தாங்களே ஒளிந்து ஜெபித்தவர்களின் சந்ததி. ஊரும் சுற்றுக் கிராமங்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றின.

பிலிப் ஹாலி 1979-ல் எழுதிய நூலில் ஒரு காட்சி. பனிக்காலத்தில் ஒரு யூதப் பெண் கதவைத் தட்டுகிறாள். மக்தா உள்ளே அழைத்துச் சோறு போடுகிறாள். பிறகு காகிதங்கள் வாங்கித் தரலாமென்று ஊர்த் தலைவரிடம் ஓடுகிறாள். அவரோ, அவளை வெளியே அனுப்பிவிடு என்கிறார். இதற்குள் அடுப்பில் உலர வைத்த அவளுடைய பூட்ஸ் கருகிப் போகிறது! யுத்த காலத்தில் பூட்ஸுக்கு எங்கே போவது? மக்தா அதற்கும் அலைகிறாள். 1943 பிப்ரவரியில் கணவரைக் கைது செய்ய வந்த போலீஸாரையும், சாப்பாட்டு வேளையாயிற்றே என்று, உட்காரச் சொன்னவள் அவள்.

இந்த அடுப்பங்கரை காம்யுவின் நாவலில் இல்லை. டாக்டர் ரியுவின் மனைவி ஆரம்பத்திலேயே ரயிலேறிப் போய்விடுகிறாள். பாதிரியார் பனலூ பிரசங்கம் செய்கிறார். அவர் பெயரில் பனலியே ஒலிக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். குறை பெண் பாத்திரம் இல்லாதது மட்டுமல்ல, உருவகத்திலேயே இருக்கிறது. கொள்ளை நோய் ஆளைப் பொறுக்காது. 1943 ஜூனில் ஜெர்மன் போலீஸார் ஷாம்போன் மாணவர் விடுதியில் புகுந்து ஆட்களைப் பொறுக்கித்தான் பிடித்தார்கள். அதை நடத்தி வந்த பாதிரியாரின் உறவினர் டேனியல் த்ரோக்மே, பையன்களோடு பிடிபட்டு, 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் மாண்டார். நோய் வந்தால் கதவை அடைப்பது தர்மம். அகதி வந்தால் அடைப்பது பாவம். இந்த வித்தியாசத்தை ஓரான் நகரத்து எலிகளைக் கொண்டு எப்படிச் சொல்வது?

ஆனாலும் ஓர் இடம் இருக்கிறது. கடைசியில் தாருவுக்கு நோய் காண்கிறது. சட்டப்படி அவனைப் பிரித்து அனுப்ப வேண்டும். ரியு அனுப்பவில்லை, அவன் தாயும் சம்மதிக்கிறாள். அந்த இரவு முழுவதும் நாவலில் முதல்முறையாக ஒரு வீடு வீடாக இருக்கிறது. மற்ற அத்தியாயங்கள் என் புத்திக்குப் பிடிக்கின்றன. இந்த அத்தியாயத்தை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிவதில்லை.

காரைக்கால்காரரிடம் இதை விளக்குவது சுலபம். பசியோடு வந்த அடியாருக்குப் புருஷன் அனுப்பிய மாம்பழத்தை எடுத்துப் போட்டுவிட்டு, பிறகு அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று திகைத்து நின்ற புனிதவதியின் ஊர் அது. ஆண்டுதோறும் மாங்கனியை வாரி இறைத்துக் கொண்டாடுகிறோம். திண்ணை வரை எவரையும் உட்கார விட்ட நாம், உள்ளே அழைப்பதற்கு முன் என்னென்ன கேட்டோம் என்பதை மட்டும் பேசுவதில்லை.

சிநேகிதர் இதையெல்லாம் கேட்டுவிட்டு வெகுநேரம் மௌனமாக இருந்தார். நாலாவது முறையும் படிக்கப் போகிறாராம். தாருவின் அத்தியாயத்தை மட்டும்.