வைக்கம் நாராயணி ஜானகி: நாம் பார்க்காமல் விட்ட நடிகை

பாலக்காட்டுப் பக்கம் நாலு தமிழர் கூடினால் எம்.ஜி.ஆர். பேச்சு வராமல் இருக்காது. வடவன்னூர் நமக்குப் பக்கத்து ஊர். அவருடைய குடும்பம் வாழ்ந்த வீடு 2019இல் புதுப்பிக்கப்பட்டு நினைவு இல்லமாகத் திறக்கப்பட்டது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் எங்கு போனாலும் அவர் நம்ம வீட்டுப் பிள்ளைதான். அதே பேச்சில் வி.என். ஜானகி என்று சொல்லிப் பாருங்கள். "யாரு, அவரோட சம்சாரமா?" என்பதோடு முடிந்துவிடும். கொஞ்சம் அரசியல் தெரிந்தவர், "இருபத்து நாலு நாள் முதலமைச்சரா இருந்தாங்களே, அவங்கதானே?" என்பார். கணவருக்கு முன்பே பேர் வாங்கிய நடிகை அவர் என்று சொல்ல ஆளில்லை. இந்த மலருக்குக் கட்டுரை கேட்டபோது இதையே எழுதலாம் என்று தோன்றியது.

வி.என். என்றால் வைக்கம் நாராயணி. 1923இல் வைக்கத்தில் பிறந்தவர். தந்தை ராஜகோபால ஐயர் தமிழர், பாபநாசம் சிவனின் உடன்பிறந்தவர். தாயார் நாராயணியம்மா மலையாளி. ஊர்ப்பெயரும் தாயின் பெயருமே அவருக்கு முன்னெழுத்துகள் ஆயின. அப்பா வழியில் தமிழ், அம்மா வழியில் மலையாளம். நம் சங்கத்துக் குடும்பங்களிலும் இப்படி எத்தனையோ உண்டு. "நீ தமிழா, மலையாளியா?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்கப்பட்டு, பதில் தெரியாமல் வீடு திரும்பும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பெயர்களில் இது ஒன்று.

1940களின் தொடக்கத்தில் சிறு வேடங்கள்தான். 1947இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் 'ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி' வந்தது. எம்.ஜி.ஆர். 'ராஜகுமாரி'யில் முதன்முதலாகக் கதாநாயகன் ஆனதும் அதே 1947தான். அந்தச் சமயத்தில் ஜானகி ஒரு படத்தின் தலைப்பையே தாங்கி நின்றார். கேள்வி கேட்டு, பதில் சொல்லத் தெரியாத இளவரசர்களின் தலையை வாங்கும் சிந்தாமணி வேடம். அக்காலக் கதாநாயகிக்கு அழுவதும் பாடுவதும்தான் பெரும்பாலும் வேலை. இங்கே சபையில் கேள்வி கேட்பவள் பெண், நடுங்குகிறவர்கள் ஆண்கள். அவள் போலிச் சாமியாரின் பேச்சில் மயங்கியதால்தான் இப்படிச் செய்கிறாள் என்று கதை சமாதானம் சொல்லிக்கொள்கிறது. இருக்கட்டும். கொலைகாரியாகப் பயமுறுத்தி, கடைசியில் நாயகனுக்கு ஏற்றவளாகவும் நம்மை ஒப்புக்கொள்ள வைக்க வேண்டிய வேடம் லேசானதல்ல.

அவருடைய படங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது 'வேலைக்காரி' (1949). அண்ணாவின் நாடகம், ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கம், ஜூபிடர் தயாரிப்பு. இந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்கள் அண்ணாவின் வசனத்தை எழுதுவார்கள், காளி கோயிலில் கே.ஆர். ராமசாமி கொதிப்பதை எழுதுவார்கள், கோர்ட் காட்சியை எழுதுவார்கள். தலைப்பில் வரும் வேலைக்காரி அமிர்தமாக எம்.வி. ராஜம்மா. ஜானகிக்குக் கிடைத்தது வேதாசல முதலியாரின் செல்ல மகள் சரசா. பணத்திமிர் பிடித்தவள், வேலைக்காரியை எடுத்தெறிந்து பேசுகிறவள். யாருக்கும் பிடிக்காத வேடம். தன் தந்தையின் சாவுக்கு முதலியாரைப் பழிவாங்க வரும் ஆனந்தன், பொய்ப் பெயரில் இந்தச் சரசாவைக் கட்டிக்கொண்டு அவளை வதைத்து அப்பனைத் தலைகுனிய வைக்கிறான்.

முதல் பாதியில் "இவளுக்கு நல்லா வேணும்" என்று நினைக்கிறோம். அடி விழத் தொடங்கியதும் அந்த நினைப்பு நமக்கே கூசுகிறது. அப்பன் செய்த பாவத்துக்கு மகள் ஏன் வதைபட வேண்டும்? படம் இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனந்தன் பக்கம்தான் அதற்குச் சாய்வு. ஆனாலும் சரசா அங்கே நிற்பதால் கேள்வி நமக்குக் கேட்கிறது. சீர்திருத்தப் படம் என்று புகழ்கிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பழிவாங்கலின் விலை இன்னதென்று அந்தப் படத்தில் காட்டுவது ஜானகி ஒருவர்தான் என்பது என் கட்சி.

எல்லாப் படமும் இப்படி என்று சொல்ல மாட்டேன். 'சந்திரலேகா'வில் (1948) நாடோடி நடனக்காரியாகச் சிறிய வேடம். 'மருதநாட்டு இளவரசி' (1950) பெயரளவில் இளவரசி படம், பலன் முழுவதும் எம்.ஜி.ஆருக்கு. அடுத்து 1953இல் 'நாம்'. அத்துடன் திரையை விட்டு ஒதுங்கிவிட்டார். அப்போது வயது முப்பதுதான்.

ஹாலிவுட்டில் கிரேட்டா கார்போ 1941க்குப் பிறகு நடிக்கவில்லை. கிரேஸ் கெல்லி 1956இல் மொனாக்கோ இளவரசரை மணந்து விலகினார். அவர்கள் ஏன் விலகினார்கள் என்று அலமாரி அலமாரியாகப் புத்தகம் போட்டார்கள். படங்களையும் விடாமல் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நாம் இரண்டையும் செய்யவில்லை. அதன் பலன் என்ன என்பதை இடுக்கி மலையடிவாரத்தில் பார்க்கலாம்.

குமுளியிலிருந்து இறங்கிக் கம்பம், தேனி வழியாகப் போனால் ஆண்டிபட்டி. பீர்மேடு, தேவிகுளம் தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சொந்தபந்தம் உள்ள சீமை. 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்திருந்தார், ஜானகி பக்கத்தில் இருந்தார். பிரசாரத்துக்கே வராத அவரை ஆண்டிபட்டி ஜெயிக்க வைத்தது. 1987 டிசம்பர் 24இல் அவர் மறைந்தார். 1988 ஜனவரி 7இல் ஜானகி தமிழகத்தின் முதல் பெண் முதலமைச்சர் ஆனார். 28ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் சட்டசபையே அடிதடியானது. 30ஆம் தேதி ஆட்சி கலைக்கப்பட்டது.

1989 ஜனவரித் தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. இரட்டைப் புறா சின்னத்தில் ஜானகி ஆண்டிபட்டியில் நின்று தோற்றார். சேவல் சின்னத்தில் ஜெயலலிதா பக்கத்துப் போடிநாயக்கனூரில் ஜெயித்தார். அணிக் கணக்கு, அவருக்கு 27, இவருக்கு 2.

"பேசத் தெரியல, அரசியல் தெரியல" என்று காரணம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் நான் வேறொன்றைக் கணக்குப் பார்க்கிறேன். ஜெயலலிதா எம்.ஜி.ஆருடன் ஜோடி சேர்ந்த 28 படங்களும் 1965க்கும் 1973க்கும் இடையில் வந்தவை. அவை டூரிங் டாக்கீஸ்களில் திரும்பத் திரும்ப ஓடின. ஜானகி திரையை விட்டுப் போய் 36 வருஷம். நாற்பது வயதுக்கு உட்பட்ட வாக்காளருக்கு அவரை நடிகையாக நினைவிருக்க வழியே இல்லை. இரண்டு நடிகைகள் மோதிய தேர்தல் என்று எழுதினார்கள். உண்மையில் ஒருவர்தான் மக்கள் கண்ணில் நடிகை, மற்றவர் எம்.ஜி.ஆரின் விதவை. எம்.ஜி.ஆர். அரசியலை அவர் படங்களை வைத்துப் பக்கம் பக்கமாக ஆராய்ந்தவர்கள், ஜானகியின் தோல்விக்கு மட்டும் படத்தின் பக்கம் திரும்பவில்லை.

தோற்ற பிறகு அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. அடுத்த சில வாரங்களில் ஒதுங்கிக்கொண்டார், அணிகள் ஒன்றாயின, இரட்டை இலை திரும்பி வந்தது. அவர் கொடுத்த இடத்தில்தான் அந்தக் கட்சியின் தலைமை அலுவலகம் இயங்குகிறது. 1996 மே 19இல் காலமானார்.

நம் ஊர்ச் சங்கங்களில் ஆண்டுவிழாவுக்கு எம்.ஜி.ஆர். படம் ஒன்று போடுவது வழக்கம். வரும் ஆண்டு 'வேலைக்காரி' போடலாமே. எம்.ஜி.ஆர். அதில் கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.