கால்களுக்கு மரியாதை செய்யும் கடை

லண்டனில் ஒரே ஒரு கடைக்குப் போகத்தான் நேரமிருக்கிறது என்று யாராவது சொன்னால், கொஞ்சமும் யோசிக்காமல் ஜான் லாப் என்றுதான் சொல்வேன். அரண்மனைகளைப் பார்த்தேன், அருங்காட்சியகங்களைப் பார்த்தேன். எல்லாம் அழகுதான். ஆனால் ஒரு குடும்பம் 1866 முதல் ஷூவும் பூட்ஸும் கையாலேயே தைத்துக் கொடுத்து வரும் இந்தக் கடையில் எனக்குக் கிடைத்த பரவசம் வேறெங்கும் கிடைக்கவில்லை.

பிக்காடில்லியில் தொடங்கி செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை வாசலில் முடிகிறது செயின்ட் ஜேம்ஸ் தெரு. 3-ஆம் எண்ணில் 1698 முதல் வணிகம் செய்யும் பெரி பிரதர்ஸ் ஒயின் கடை. 6-ஆம் எண்ணில் 1676-இல் தொடங்கிய லாக் தொப்பிக் கடை. நான் போனபோது லாப் கடை 9-ஆம் எண்ணில் இருந்தது. நூற்றைம்பது ஆண்டுக் கடையெல்லாம் இந்தத் தெருவுக்கு நடுத்தர வயதுதான்!

உள்ளே நுழைந்ததும் தோலும் மெழுகும் கலந்த வாசனை. கண்ணாடி அலமாரிகளில் பழைய குதிரைச் சவாரி பூட்ஸ்கள், பட்டுக் காலணிகள், அரசவைக்கு அணிந்து போன ஷூக்கள். அதைவிடப் பெரிய காட்சி, அங்கேயே நடக்கும் வேலை. மறைவான பட்டறையில் செய்து, பளபளப்பான பெட்டியில் வைத்துக் காட்டுவது இவர்கள் வழக்கமில்லை. ஒருவர் மரக்கட்டையைச் சீவிக்கொண்டிருந்தார். இன்னொருவர் தோலை விரித்துவைத்து, வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிறு கீறலோ பூச்சிக்கடித் தழும்போ இருந்தால்கூட அந்த இடத்தை விட்டுத்தான் கத்தி வைப்பார்கள். மணிக்கணக்கில் நின்று பார்க்கலாம். நான் நின்று பார்த்தேன்.

இந்தக் கடையை ஆரம்பித்தவரின் கதை இருக்கிறதே, அதுவே ஒரு நாவல். ஜான் லாப் 1829-இல் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் பிறந்தவர். விவசாயக் குடும்பம். சிறு வயதில் நடந்த விபத்தில் கால் ஊனமாகிவிட்டது. வயல் வேலைக்கு ஆக மாட்டான் என்று ஃபோவே என்ற துறைமுக ஊரில் பூட்ஸ் தைப்பவரிடம் வேலை கற்க அனுப்பினார்கள். தொழில் கைவந்ததும், ஊனமான காலோடு லண்டனுக்கு நடந்தே போனார். செயின்ட் ஜேம்ஸ் தெருவில் அன்று கொடிகட்டிப் பறந்த தாமஸ் என்ற பூட்ஸ் கடையில் வேலை கேட்டார். இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவில் தங்க வேட்டை உச்சத்தில் இருந்தது. லாப் கப்பலேறினார். தங்கம் தோண்டுவதைவிட, தோண்டுகிறவர்களுக்கு பூட்ஸ் தைப்பதுதான் அவருக்குத் தெரிந்த வேலை. சுரங்கக்காரர்களின் பெரிய கவலை, கிடைத்த தங்கத்தைத் திருடர்களிடமிருந்து காப்பாற்றுவது. குதிகாலைக் குடைந்து, உள்ளே தங்கக் கட்டிகளை ஒளித்துவைக்கும்படி ஒரு பூட்ஸ் செய்து கொடுத்தார். தங்கத்தைக் காலடியில் மறைத்துக்கொண்டு அவர்கள் நிம்மதியாக நடந்தார்கள். யாருக்கு என்ன தேவை என்று பார்த்துத் தைக்கும் அந்தப் புத்திதான் இந்தக் கடையின் அஸ்திவாரம்.

சிட்னியில் கடை நன்றாக ஓடியது. 1862-இல் லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குத் தன் பூட்ஸ்களை அனுப்பினார். தங்கப் பதக்கம் கிடைத்தது. வேல்ஸ் இளவரசருக்கு, அதாவது பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரானவருக்கு, ஒரு ஜோடி சவாரி பூட்ஸ் செய்து அனுப்பினார். 1863-இல் இளவரசரின் பூட்ஸ் தயாரிப்பாளர் என்ற அரச அங்கீகாரம் வந்து சேர்ந்தது. 1866-இல் லண்டன் ரீஜன்ட் தெருவில் கடை திறந்தார். பிறகு, எந்தத் தெருவில் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார்களோ அதே செயின்ட் ஜேம்ஸ் தெருவுக்கே கடை வந்தது. இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

1895-இல் அவர் காலமானார். மகன் வில்லியம், பேரன் எரிக், அவருக்குப் பின் ஜான் ஹன்டர் லாப், இப்போது ஐந்தாம் தலைமுறை. இரண்டு உலகப் போர்களையும் லண்டன் மீது விழுந்த குண்டுகளையும் தாண்டி வந்த வியாபாரம் இது. 1976-இல் இவர்களுடைய பாரிஸ் கிளையை ஹெர்மேஸ் நிறுவனம் வாங்கியது. உலகம் முழுக்க ஜான் லாப் என்ற பெயரில் விற்கும் ஆயத்த ஷூக்கள் அவர்களுடையவை. லண்டனில் அளவெடுத்துத் தைக்கும் கடையைக் குடும்பம் தன்னிடமே வைத்துக்கொண்டது. இருப்பதிலேயே கடினமான, நேரம் பிடிக்கிற, ஆள் கிடைக்காத வேலையைத்தான் அவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள். இந்தப் பிடிவாதத்துக்கு ஒரு பெரிய கும்பிடு.

சரி, ஒரு ஷூ எப்படிப் பிறக்கிறது? வாடிக்கையாளர் காலுறையோடு ஒரு பெரிய நோட்டுப் புத்தகத்தின் திறந்த பக்கத்தில் ஏறி நிற்க வேண்டும். அளவெடுப்பவர் மண்டியிட்டுப் பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைவார். விரலடி, நடுப்பாதம், குதிகால் என்று ஒவ்வொரு இடத்தின் சுற்றளவையும் காகிதப் பட்டையால் அளந்து அடையாளம் இடுவார். இடது கால் வேறு, வலது கால் வேறு. விரல் எலும்பு புடைத்திருக்கிறதா, பாதம் தட்டையா, எந்தப் பக்கம் சாய்ந்து நடக்கிறார், எல்லாம் குறிப்பில் ஏறும்.

அந்தக் குறிப்பை வைத்து ஒருவர் மரத்தில் அந்தக் கால்களையே செதுக்குகிறார். லாஸ்ட் என்று சொல்லும் அச்சு இது. முதலில் நீண்ட கத்தியால் பெரிய சீவல்களாக இறக்குகிறார். பிறகு அரம், பிறகு உப்புத்தாள். நடுநடுவே கட்டை விரலால் தடவிப் பார்த்து, குறிப்பைப் பார்த்து, மறுபடியும் ஒரு மெல்லிய சீவல். கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசம் அவர் விரலுக்குத் தெரிகிறது. அதன் பிறகு ஒருவர் தோலை வெட்டுவார், இன்னொருவர் மேல்பகுதியைத் தைப்பார். அடுத்தவர் அதை அச்சின் மேல் இழுத்துப் பிடித்து, குத்தூசியால் துளையிட்டு, மெழுகு பூசிய நூலால் அடித்தோலோடு சேர்ப்பார். ஒரு ஜோடி கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். விலை பல ஆயிரம் பவுண்டு. அந்த வேலையைக் கண்ணால் பார்த்த பிறகு, விலை அதிகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்னை அப்படியே கட்டிப்போட்ட இடம், அந்த அச்சுகளைச் சேர்த்து வைத்திருக்கும் நிலவறை. தரையிலிருந்து கூரைவரை மரப் பாதங்கள். ஆயிரக்கணக்கில்! ஒவ்வொரு ஜோடியிலும் பெயர். மன்னர்கள், நடிகர்கள், பாடகர்கள், அவர்களுக்குப் பக்கத்திலேயே நாம் கேள்விப்படாத எத்தனையோ பேர். அரச குடும்பத்துக்கு ஒரு மரம், மற்றவர்களுக்கு வேறு மரம் என்று கிடையாது. ஒரு கோட்டையோ கிரீடத்தையோ பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத மனிதர்களை அந்த மரக் கட்டைகளில் பார்க்கலாம். புடைத்த எலும்பு, வளைந்த விரல், ஒரு பக்கம் தேய்ந்த நடை. உலகில் வேறெந்தக் கடை தன் வாடிக்கையாளரை இவ்வளவு நெருக்கமாக நினைவில் வைத்திருக்கிறது? ஒரு முறை அச்சு செய்துவிட்டால் போதும். பத்தாண்டு கழித்து உலகின் எந்த மூலையிலிருந்து எழுதினாலும் அடுத்த ஜோடி தைக்கலாம். கால் மாறினால் அச்சில் தோலை ஒட்டியோ, கொஞ்சம் சீவியோ சரிசெய்துகொள்வார்கள்.

இவர்கள் தைப்பது தூக்கிப் போடுவதற்கான பொருளல்ல. மூன்றாம் சார்லஸ் மன்னர் இளவரசராக இருந்தபோது 1971-இல் வாங்கிய லாப் ஷூவை ஒட்டுப் போட்டு, பழுது பார்த்து, பல பத்தாண்டுகள் அணிந்ததாக பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. அரண்மனைக்காரரே ஒட்டுப் போட்ட ஷூவோடு விழாவுக்குப் போகிறார் என்றால், அந்த ஷூவின் தரத்துக்கு வேறு சான்றிதழ் எதற்கு? அடித்தோல் தேய்ந்தால் மாற்றலாம், குதிகால் தேய்ந்தால் மாற்றலாம், மேல்தோலைப் பராமரித்தால் அது வயதாக ஆக இன்னும் அழகாகும்.

நான் எதுவும் வாங்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவன் என்று தெரிந்தும் அங்கிருந்தவர்கள் முகம் சுளிக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள். செதுக்கிக்கொண்டிருந்தவர் பாதி முடிந்த அச்சை என் கையில் கொடுத்து, குதிகால் வளைவைத் தடவிப் பார்க்கச் சொன்னார். தன் வேலையில் அவ்வளவு பெருமை அவருக்கு. அந்தப் பெருமை நியாயமானது.

லண்டன் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஜெர்மின் தெருவில் அதே பெயரில் இருக்கும் ஆயத்த ஷூ கடையைப் பார்த்துவிட்டு, இதுதான் லாப் என்று திரும்பி வந்துவிடாதீர்கள். குடும்பம் நடத்தும், அளவெடுத்துத் தைக்கும் கடையைக் கேட்டுப் போங்கள். வார நாளில் போனால் வேலை நடப்பதைப் பார்க்கலாம். அளவுப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள், அச்சுகளைப் பார்க்க முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். ஷூ வாங்கப் பணம் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. நான் பார்த்த கடைகளிலேயே இதுதான் முதலிடம். அவசியம் போய்ப் பாருங்கள்.