முதலில் இடம், பிறகு ரப்பர்

சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், ஆந்திர எல்லையோரம் இருக்கிறது குடிபாலா. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்தப் பக்கத்து வீடுகளில் ஸ்பீக்கருக்குக் குறையில்லை. கேட்கும் ஓசையில்தான் குறை. டிவி அலமாரியின் மூலையில் ஸ்பீக்கரைத் திணித்துவிட்டு, பேஸ் குழம்புகிறது, குரல் தெளியவில்லை என்று புது செட்டுக்குப் பணம் சேர்க்கிறோம். பணம் செலவழிக்குமுன் செய்யச் சொல்லப்படுபவை இரண்டு: ஸ்பீக்கரை இடம் மாற்றி வைப்பது, அதிர்வு கீழே இறங்காமல் அடியில் தடுப்பு வைப்பது. இரண்டையும் ஒரே மூச்சில் பரிந்துரைக்கிறார்கள். ஆனால் நம் வீடுகளில் இரண்டின் பலனும் சமமல்ல.

நமக்கு 10க்கு 10 அறை சாதாரணம். உயரமும் ஏறக்குறைய 10 அடிதான். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. அந்தக் கணக்கில், 10 அடி தள்ளி எதிரெதிரே நிற்கும் இரு சுவர்களுக்கிடையே 56 ஹெர்ட்ஸ் ஒலி மோதித் திரும்பித் தன்னையே வலுப்படுத்திக்கொள்ளும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றானால் மூன்று திசையிலும் அதே 56தான் குவியும். சுவரில் சாய்ந்து கேட்பவருக்கு அது முழங்கும். அறை நடுவில் இருப்பவருக்குப் பெரும்பாலும் காணாமல் போகும். ஸ்பீக்கர் மூலையில் இருந்தால் முழக்கம் உச்சத்துக்கு ஏறும். ஸ்பீக்கர் என்ன விலையானாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதில் முதலில் அடிபடுவது மிருதங்கம். வலந்தலையில் இருக்கும் கரிய சாந்துதான் அதன் மேற்சுரங்களை ஒத்திசைய வைக்கிறது என்பதை சி. வி. ராமன் 1920இல் விளக்கினார். இடந்தலையான தொப்பியில் ரவை பூசுவதால் கீழ்நாதம் கனக்கிறது. வித்வான் அதில் கையை அழுத்தி வழுக்கும்போது எழும் கும்கி என்ற ஒலி ஒரு சுருதியிலிருந்து இன்னொன்றுக்கு ஏறுகிறது. அந்தப் பாதையில் அறை, 56க்கு மேலே வரும் தன் அடுத்த முழக்கங்களான சுமார் 80, 112 ஹெர்ட்ஸைச் செருகினால், கும்கியின் ஒரு துண்டு வீங்கி மறுதுண்டு தேய்கிறது. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் சீடராக லயத்தில் பேர் வாங்கிய சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் மண்ணில் இதைச் சிறு குறை என்று தள்ள முடியாது.

இடமாற்றத்தின் பெரிய பலம், காசு கேட்பதில்லை என்பது. இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் சமபக்க முக்கோணமாக அமைய வேண்டும். உச்ச ஒலி தரும் சிறு ஸ்பீக்கர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். பின்சுவரை விட்டு நாற்காலியைச் சற்று முன்னே இழுக்க வேண்டும். தனி வூஃபர் இருந்தால், அதை நாம் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேளுங்கள். பேஸ் சீராகக் கேட்கும் இடமே வூஃபருக்குரிய இடம்.

குறையும் உண்டு. சுவரிலிருந்து 3 அடி தள்ளி வை என்பது பெரிய கூடங்களுக்கான அறிவுரை. சுமார் 1 மீட்டர் தள்ளினால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸ் அருகே நேர் ஒலியைத் தின்றுவிடும். சின்ன அறையில் நடமாடவும் இடமிருக்காது. சுவரை ஒட்டியே, மூலையை மட்டும் தவிர்த்து வைத்து, கூடுதல் பேஸைக் குமிழில் குறைப்பதே நமக்குப் பொருந்தும். இடமாற்றம் எதிரொலியையும் போக்காது. ஹார்வர்டில் வாலஸ் சபைன் 1895 முதல் இருக்கை மெத்தைகளை அடுக்கி அடுக்கி அளந்து காட்டியது இதைத்தான்: மெத்தென்ற பொருள் கூடக்கூட எதிரொலி குறையும். டைல்ஸ் தரையும் சிமெண்டுச் சுவருமான அறைக்குப் பஞ்சு மெத்தையும் கனத்த திரையும் கட்டாயம் வேண்டும்.

அதிர்வுத் தடுப்பு அளவுக்கு மீறிப் புகழப்படுகிறது. கூர்முனைக் கால்கள் அதிர்வைத் தடுப்பவை அல்ல. கம்பளத்தைத் துளைத்துத் தரையைப் பற்றிக்கொள்பவை. கம்பளம் விரித்த மரத்தரை வீடுகளுக்கு அவை சரி. குப்பம் பச்சைக் கிரானைட் கிடைக்கும் சித்தூர்ச் சீமையில் கல்லும் டைல்ஸும்தான் தரை. கூர்முனைக் கால்கள் அங்கே கீறலைத்தான் தரும். 10க்கு 10 அறையின் 4 அங்குலக் கான்கிரீட் தளமே ஏறக்குறைய 2 டன் எடை. 10 கிலோ ஸ்பீக்கர் அதை அசைத்து ஓசையைக் கெடுப்பது அரிது.

தடுப்பு பலன் தருவது மெல்லிய பலகையில். பிளைவுட் அலமாரி, கண்ணாடி ஷோகேஸ், இரும்பு பீரோவின் தலை ஆகியவை ஸ்பீக்கரோடு சேர்ந்து தாமும் பாடும். அந்தக் காலத்தில் மண்பானையில் பொருத்திய ஸ்பீக்கர் நன்றாக ஒலித்ததற்கு ஒரு காரணம், பானையின் வளைந்த சுவர் எளிதில் அதிராது என்பது. பலகை மேல் வைத்தே ஆக வேண்டுமென்றால் அடியில் ரப்பர் துண்டு உதவும். எடைக்கு ஏற்ப அது சற்று அமுங்க வேண்டும். அமுங்காத ரப்பர் அதிர்வைக் கடத்திவிடும், மிக மெத்தென்ற ரப்பரில் உயரமான ஸ்பீக்கர் ஆடும். காற்றில் போகும் பேஸை எந்த ரப்பரும் நிறுத்தாது. அது பக்கத்து வீட்டைத் தொந்தரவு செய்தால் ஒரே மருந்து ஒலியைக் குறைப்பது.

ஆகவே வரிசை முக்கியம்: முதலில் ஸ்பீக்கரை மூலையிலிருந்து எடுங்கள், அடுத்து அறையில் துணியும் மெத்தையும் கூட்டுங்கள், பலகை அதிர்ந்தால் மட்டும் ரப்பர் வையுங்கள். இந்த மூன்றையும் செய்து பார்க்காமல் புது ஸ்பீக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.